முடிந்தது என்ற முத்திரை

ஜூன் 8, ஞாயிறு

இன்று ஆராதனை முடியும் நேரத்தில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டார். எங்கள் ஒலிவமலைச் சபைக்கு ஆகஸ்டில் இருபத்தைந்து வயது நிறைகிறது. வெள்ளிவிழாவுக்கு ஒரு சாட்சி மலர் போட வேண்டும். இத்தனை வருடத்தில் எத்தனை ஜெபங்களுக்குப் பதில் கிடைத்தது என்று எண்ணிப் பேனரில் கொட்டை எழுத்தில் வைக்க வேண்டும். "நம்ம எமீமாள் டீச்சர் பத்தாங் கிளாசுக்கே கணக்கு எடுக்கிற பிள்ள. எண்ணுறதுக்கு வேற யாரப் போய்த் தேட?" என்றார். ஆண்கள் பக்கமிருந்து ஓர் அல்லேலூயா வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறைப்பானேன்.

சபையில் நகை கூடாது, சினிமா கூடாது, மருந்து கூடாது. பாஸ்டருக்கு மட்டும் பேரிலேயே ஆபரணம் உண்டு: ஞானாபரணம். இதை நான் சின்ன வயதில் சொல்லி அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்பாதான் சபை மூப்பர். யோபுவின் மகள்களுடைய பெயர்களை வரிசையாக எங்களுக்கு வைத்தார். நான் எமீமாள், தங்கை கெத்சியாள். மூன்றாவது பிறந்திருந்தால் கேரேனாப்புக். அதற்குள் அம்மா போய்விட்டாள், அந்தப் பிள்ளை தப்பித்தது.

ஜூன் 10, செவ்வாய்

அப்பா சைக்கிளில் மூன்று நடை அடித்துச் சீட்டுக் கட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தார். வருடத்துக்கு ஒரு கட்டு, சணல் கயிறு போட்டுக் கட்டியது. வீடு முழுக்கப் பழைய தாள் வாசனை.

முறை எனக்குத் தெரிந்ததுதான். யாருக்கு என்ன தேவையோ அதைச் சீட்டில் எழுதி ஆலயத்துப் பெட்டியில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்கள். பதில் கிடைத்ததும் அப்பா அதன் மேல் "முடிந்தது" என்று ரப்பர் முத்திரை குத்தித் தேதி போடுவார். சிலுவையில் ஆண்டவர் சொன்ன வார்த்தை. ஊதா மை. முத்திரை உள்ளவற்றை எண்ணினால் போதும், பேனர் தயார்.

கெத்சியாள் சாயங்காலம் வந்தாள். ஐந்து வருடம் காத்திருந்து மாசமானவள், இப்போது ஏழாம் மாதம். காலில் செருப்பு ஏறவில்லை. மாவு புளித்துவிட்டது, இருந்தும் ஆறு தோசை சாப்பிட்டாள்.

ஜூன் 14, சனி

முதல் மூன்று கட்டுகள் முடிந்தன. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "காணாமற்போன எருமை திரும்ப வர." முத்திரை. "மாமியார் மனம் மாற." முத்திரை இல்லை, இன்றுவரை. "மகன் கணக்கில் பாஸாக." முத்திரை. அந்த மகனுக்கு ட்யூஷன் எடுத்தது நான். என்னிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை.

கெத்சியாளுக்கு இரண்டு நாளாகத் தலைவலி. பள்ளியில் உயிரியல் எடுக்கும் மும்தாஜ் டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மாறியது. "கால் வீங்கியிருக்கா? தலைவலியா? பிரஷர் பாத்தீங்களா?" என்றார். எங்கள் சபையில் பார்ப்பதில்லை என்றேன். "பாக்குறது மருந்தில்லையே டீச்சர். உங்க நம்பிக்கைய நான் ஒண்ணும் சொல்லல. மெஷின் நம்பர் மட்டும்தான் சொல்லும்" என்று தன் வீட்டு பிரஷர் மெஷினைக் கொடுத்தனுப்பினார்.

பார்ப்பது மருந்தில்லை. இதை நான்கு முறை எனக்கே சொல்லிக்கொண்டு கெத்சியாள் கையில் பட்டையைச் சுற்றினேன். 148/96.

ஜூன் 15, ஞாயிறு

கெத்சியாளுக்காக முழுச் சபையும் முழங்காலில் நின்றது. சீட்டை எழுதிப் பெட்டியில் போட்டவள் நான்தான்.

ஜூன் 19, வியாழன்

திங்களன்று பள்ளி விட்டதும் போய் அளந்தேன். 150/98. பிறகு அவள் கையைப் பிடித்து அரை மணி நேரம் ஜெபித்துவிட்டு மறுபடி அளந்தேன். 140/92. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஓடிப்போய் மும்தாஜ் டீச்சரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அர மணி நேரம் சும்மா உக்காந்தாலும் கொறயும் டீச்சர். சும்மா உக்கார வச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒப்பிட இன்னொன்று இல்லாமல் முடிவு சொல்லக்கூடாது என்று வருடா வருடம் பிள்ளைகளிடம் கத்துகிறவள் நான்.

நேற்று ஜெபிக்கவில்லை. அவளை உட்கார வைத்து, அவள் மாப்பிள்ளை சைலஸின் சித்தி வீட்டுச் சண்டையைப் பற்றி அரை மணி நேரம் வம்பு பேசினோம். 151-லிருந்து 140. இன்று ஜெபம். 149-லிருந்து 139.

வம்பு ஒரு புள்ளி முந்துகிறது. இதை எந்த மலரில் போடுவது?

ஜூன் 22, ஞாயிறு

2004-ஆம் வருடக் கட்டில் ஒரு சீட்டு. "டிரைவர் கனகமணிக்கு மஞ்சள் காமாலை. பூரண சுகம் வேண்டி." முடிந்தது என்று முத்திரை.

கனகமணி அண்ணன் செத்துப்போனார். அடக்கத்துக்கு நானே போனேன். முத்திரையில் இருக்கும் தேதி அடக்கத்துக்கு மறுநாள்.

அப்பா வெற்றிலைத் தோட்டம் போய்விட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டைக் காட்டி, முத்திரை மாறி விழுந்துவிட்டதா என்று கேட்டேன்.

"மாறியெல்லாம் விழல. அவந்தான் முடிஞ்சுபோனானே. இனி அவனுக்கு எதுக்கு ஜெபம்? பெட்டியில கிடந்தா அடுத்த வெள்ளிக்கிழமையும் வாசிச்சிருவாங்கல்லா" என்றார்.

"சுகமானவங்களுக்கும் இதே முத்திரைதானப்பா?"

"முத்திர ஒண்ணுதானட்டி இருக்கு."

இதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. துண்டை எடுத்து முகம் துடைத்துவிட்டுக் காப்பி கேட்டார். நான்தான் சர்க்கரை போட மறந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். ஊரைவிட்டுப் போனவர்களுக்கும் முத்திரை, தானாக விட்டுப்போகிற சளிக்கும் முத்திரை, செத்தவர்களுக்கும் முத்திரை. இப்படி எண்ணினால் தொகை தப்பாக வரும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பரலோகம் போறத விடப் பெரிய சுகம் உண்டாம்மா?" என்றார்.

"காய்ச்சல் போனவனும் உயிர் போனவனும் ஒண்ணா பாஸ்டர்?"

"ஒன் கணக்குல ரெண்டு. விசுவாசத்துல ஒண்ணு. நீ மொத்தத்த மட்டும் எழுதிக் குடும்மா. பிரிச்சுப் பாக்குறது ஒன் வேல இல்ல."

பிரித்துப் பார்ப்பது மட்டும்தான் என் வேலை. அதற்குத்தான் பள்ளியில் சம்பளம் தருகிறார்கள். திரும்பி வரும்போது அவரிடம் சொல்லாமல் விட்ட இந்தப் பதிலை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

நோய்ச் சீட்டுகளைத் தனியாக எடுத்து, எனக்குப் பெயர் தெரிந்தவர்களை மட்டும் இரண்டாகப் பிரிக்கிறேன். இருப்பவர்கள் ஒரு பக்கம், இறந்தவர்கள் ஒரு பக்கம். ஐந்து வருடக் கட்டுகளில் இறந்தவர்கள் மட்டும் அறுபத்தொரு பேர். ஒவ்வொரு ஞாயிறும் எழுந்து சாட்சி சொல்கிறவர்களைத்தான் இத்தனை நாள் கேட்டிருக்கிறேன். இந்த அறுபத்தொரு பேர் எழுந்து நின்று எதுவும் சொல்ல முடியாதே. இது ஏன் எனக்கு முப்பத்து மூன்று வயதில் உறைக்கிறது?

கெத்சியாள் 154/100. சைலஸ் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையையே வீட்டில் எடுக்கக்கூடாது என்கிறார்.

ஜூலை 2, புதன்

2006-ஆம் வருடக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

ஜூலை 4, வெள்ளி

பாத்திரம் வைக்கும் பரணைச் சுத்தம் செய்தேன். 2007, 2008 கட்டுகளை எண்ணினேன். 2006 அப்படியே இருக்கிறது.

ஜூலை 5, சனி

அவிழ்த்தேன்.

முதலில் அம்மாவின் கதையை எழுதிவிடுகிறேன், சபைக்கே மனப்பாடமான கதை. அம்மாவுக்குத் தலைவலி வந்தது. அவளுடைய அண்ணன், சபைக்கு வெளியே உள்ளவர், டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அம்மா அந்த அட்டையைப் புறவாசல் கிணற்றில் வீசி, எனக்குக் கர்த்தர் போதும் என்றாள். ஒரு மாதத்தில் ஜெயத்தோடு பரலோகம் போனாள். ஜூலை மாதம் வந்தால் பாஸ்டர் இதைப் பிரசங்கிப்பார். எனக்கு அப்போது பதினான்கு, கெத்சியாளுக்கு எட்டு. பத்தொன்பது ஜூலைகள் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறேன்.

சீட்டு இது. வரிக்கு வரி எழுதுகிறேன்.

"தலைவலி தாங்க முடியவில்லை. கண் மங்குகிறது. அவர்கள் கிணற்றில் எறிந்த மாத்திரையைத் திரும்ப வாங்கித் தர அவர்கள் மனம் இரங்கவும், சபை அனுமதி தரவும் ஜெபியுங்கள். பிள்ளைகள் சின்னவை. வசந்தபாய்."

அம்மா மெய்யெழுத்துப் புள்ளியைக் குட்டி வட்டமாகப் போடுவாள். ஒவ்வொரு வட்டமும் அப்படியே இருக்கிறது. சீட்டின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: "விசுவாசத்தில் நிலைத்திருக்கச் சொல்லப்பட்டது." முன்பக்கம், "பிள்ளைகள் சின்னவை" என்பதன் மேலேயே ஊதா மையில் முடிந்தது. ஜூலை 18. அம்மா இறந்தது 17.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. அப்பா திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சீட்டை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு எறிஞ்சா?" என்றேன்.

"நாந்தான்."

"அம்மா எறிஞ்சான்னு சொன்னீங்களே."

"நான் சொல்லல. அடக்க ஆராதனையில பாஸ்டர் அப்படிச் சொல்லிட்டாரு. எல்லாரும் ஆமென்னாங்க. நானும் ஆமென்னேன். பொறவு எப்படிட்டி மாத்த?"

"அம்மா கேட்டாளா இல்லையா?"

"மூணு தடவ கேட்டா" என்றார். "நான் மூப்பன். என் வீட்டுலயே மாத்திர இருந்தா மத்தவங்கள என்னன்னு சொல்லிக் கண்டிக்க?"

நான் கத்தினேன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும், கேட்கட்டும். அம்மாவைக் கொன்றதைக்கூட ஏதோ அறியாமை என்று ஒருநாள் நினைத்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் சாகப் பயந்து, பிள்ளைகளுக்காக வாழ ஆசைப்பட்டுக் கெஞ்சினவளை, வேண்டாம் என்று வீசி எறிந்தவளாக்கி எங்களிடமே தந்தீர்களே. என் அம்மா எப்படிப்பட்டவள் என்பதையே என்னிடமிருந்து திருடிவிட்டீர்களே. இவ்வளவையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். மாலையில் வழக்கம்போல் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். ஜெபிக்க முழங்கால் போட்டுப் பார்த்தேன். யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது. எழுந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

164/108. கெத்சியாள் கண்ணுக்குள் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். மும்தாஜ் டீச்சர் போனிலேயே அழாத குறை: "வலிப்பு வந்துரும் டீச்சர், இழுத்துக்கிட்டாவது போங்க."

கெத்சியாளிடம் சீட்டைக் காட்டினேன். இரண்டு முறை வாசித்தாள். "இது அம்மா கையெழுத்து இல்ல" என்றாள்.

"அப்பாவே ஒத்துக்கிட்டாரு கெத்சி."

"அப்பாவ நீ மெரட்டிருப்ப. ஒனக்கு விசுவாசம் போயிட்டுன்னு எனக்குத் தெரியும்க்கா. என்னையும் இழுக்காத."

"புள்ளி வட்டமா இருக்கு பாரு. அம்மா அப்படித்தான் போடுவா."

"எனக்கு அப்ப எட்டு வயசு. அம்மா எப்படிப் புள்ளி வச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவளிடம் ஒன்றே ஒன்று உண்டு: அம்மா அவள் பெயரெழுதிக் கொடுத்த வேதப்புத்தகம். முதல் பக்கத்தை நீயே பார் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னை நம்ப வேண்டாம், அளந்து பார். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

ஜூலை 9, புதன்

மதிய இடைவேளையில் போன். "அக்கா, இதுலயும் வட்டமாத்தான் போட்டிருக்கா." பிறகு அழுகை. "இவுக டூட்டிக்குப் போயிட்டாக. ஆட்டோ கூட்டிட்டு வா."

ஜூலை 11, வெள்ளி

இரண்டு நாளாக எழுத நேரமில்லை. தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நுழைந்தபோது 178/116. உடனே வலிப்பு வராமலிருக்க ஊசி போட்டார்கள், அன்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டாவி விடுகிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். திட்டித்தான் சொன்னார். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது.

இரண்டு முறை வாந்தி எடுத்த தங்கையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த அந்த நர்ஸின் பெயரை எந்தச் சீட்டிலும் யாரும் எழுதப்போவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: செண்பகவல்லி.

அப்பா வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. கூப்பிட நானும் போகவில்லை.

ஜூலை 26, சனி

தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள். பிரஷர் இன்னும் முழுதாக இறங்காததால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சைலஸ் குழந்தையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அழுதார்.

பாஸ்டருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய சீட்டுகள் 9,318. அதன் கீழே, சுகம் வேண்டி எழுதப்பட்டு, எனக்குத் தெரிந்தே இறந்தவர்கள் 388 பேர், ஒவ்வொரு பெயராக. கடைசிப் பெயர் வசந்தபாய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கெத்சியாள் குழந்தையோடு முதன்முதலாக ஆலயத்துக்குப் போகிறாள் என்பதற்காகப் போனேன். அவளுக்காக மட்டும். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. பாஸ்டர் மைக்கை அவளிடம் கொடுத்தார்.

"ஸ்தோத்திரம். எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு. டாக்டர்மார் எல்லாரும் கைய விரிச்சிட்டாக. எந்த மனுசரும் எனக்கு ஒதவல. சபையார் ஜெபிச்சீங்க. கர்த்தர் ஒருவரே என்னையும் என் பிள்ளையையும் தப்புவிச்சார்."

ஆமென், ஆமென் என்று கூரை அதிர்ந்தது. அவள் என் பக்கம் பார்க்கவில்லை. நான் ஜூன் 15-ஆம் தேதி எழுதிய சீட்டைப் பாஸ்டர் உயர்த்திக் காட்டினார். எல்லார் முன்னாலும் அப்பாவின் கையில் முத்திரையைக் கொடுத்தார். அப்பா குத்தினார். தேதியும் போட்டார்.

பாஸ்டர் பொய் சொன்னால் அது அவர் தொழில். அப்பா சொன்னால் பழக்கம். வட்டப் புள்ளியைத் தன் கண்ணாலேயே பார்த்தவள் நீ. எந்த மனுசரும் உதவவில்லையா, கெத்சி? ஆட்டோவில் என் மடியில் படுத்துக்கொண்டு, சாக விடாதக்கா என்று என் கையை நகம் பதியப் பிடித்தாயே, அது யார் கை?

நடு ஆராதனையில் எழுந்தேன். முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடி மாட்டினேன். பின்னால் பாட்டு தொடங்கிவிட்டது. தாளம் பிசகவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெள்ளிவிழா. பேனர் பஸ் ஸ்டாண்டு வரை கட்டியிருக்கிறார்கள். "பதில் பெற்ற ஜெபங்கள் 9,319." கெத்சியாளுடையதையும் சேர்த்துவிட்டார்கள். கூட்டல் சரிதான். 388 பெயர்களைக் காணவில்லை.

நான் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு அரையாண்டுப் பாடத்திட்டம் எழுதினேன். அம்மாவின் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. 2006 கட்டில் ஒன்று குறைந்ததை யாரும் எண்ணப் போவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்றிருந்தேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. குளியலறைக்குள் நின்று பேசுகிற குரல், பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம்.

"அக்கா, முடிஞ்சிட்டு."

குழந்தைக்குத்தான் என்னவோ என்று பயந்துவிட்டேன். "என்னட்டி முடிஞ்சிட்டு?"

"மாத்திர. நேத்தோட முடிஞ்சிட்டு. அதே அட்டைதான் வேணும், வேற வாங்கிராத. இவுக பத்து மணிக்குப் போயிருவாக, பொறவு வா." குழாயை இன்னும் திறந்துவிடும் சத்தம். "யாருட்டயும் சொல்லிராதக்கா."

சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டேன். பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். மருந்துக் கடை ஒன்பதரைக்குத் திறக்கும். நல்ல வேளை, அவள் வீட்டில் கிணறு கிடையாது.